தண்ணீரைக் கொதிக்க வைப்பது எப்படி, அடுப்பை எப்போது அணைப்பது?

மதுரையில் பத்து வீட்டுக்குப் போய் "குடிதண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பீர்கள்?" என்று கேட்டால் பத்து விதமான பதில் வரும். கை பொறுக்காத சூடு வந்தால் போதும், அணைத்துவிடலாம் என்பார் ஒருவர். இருபது நிமிடமாவது கொதித்தால்தான் கிருமி சாகும் என்பார் இன்னொருவர். பானைத் தண்ணீர் முக்காலாக வற்றும்வரை அடுப்புப் பக்கமே யாரையும் விடாத பாட்டிமாரும் உண்டு. முதல் ஆள் அவசரப்படுகிறார், மற்றவர்கள் கேஸை வீணாக்குகிறார்கள். சரியான பதில் ரொம்பச் சின்னது: தண்ணீர் முழுசாகப் புரண்டு, கரண்டியை விட்டுக் கலக்கினாலும் அடங்காமல் கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம். மதுரை இருக்கிற உயரத்துக்கு இது தாராளம்.

ஆனால் அந்த "முழுசாகப் புரண்டு" என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். அதற்கு முன்னாலேயே இரண்டு முறை தண்ணீர் கொதித்துவிட்ட மாதிரி ஏமாற்றும். தெர்மாமீட்டர் எதுவும் வேண்டாம், அடுப்படியில் நின்று கண்ணையும் காதையும் கொஞ்சம் கொடுத்தால் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தண்ணீரே சொல்லிவிடும். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் குடிதண்ணீர் மட்டுமில்லை, உலை, இட்லி, பருப்பு எல்லாவற்றிலும் கேஸ் மிச்சமாகும்.

அடுப்பில் ஏற்றுவதற்கு முன்

எந்தத் தண்ணீர் என்று முதலில் பாருங்கள். மாநகராட்சிக் குழாயில் வரும் வைகைத் தண்ணீர் சுத்திகரித்து, குளோரின் கலந்துதான் வருகிறது; ஆனால் எங்கேயாவது குழாய் உடைந்து சாக்கடை கசிந்தால் அந்தக் குளோரின் தாங்காது, மழைக்காலத்தில் கலங்கலாகவும் வரும். போர் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும் அல்லது உப்புக் கரிக்கும். லாரியிலும் கேனிலும் வருவது எங்கே ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்தது.

கலங்கலாக இருந்தால் ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, மேலாகத் தெளிந்ததை நாலாக மடித்த பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். கலங்கலோடு கொதிக்க வைத்தாலும் கிருமி சாகும்தான், ஆனால் மண் அடியில் பிடித்து ஒரு வாடை வரும், அப்புறம் வீட்டில் யாரும் அந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள்.

பாத்திரம் அடி அகலமான எவர்சில்வராக இருந்தால் நல்லது. முக்கால் அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம், புரளும்போது தளும்பி பர்னர் அணைந்துபோகும். தீ பாத்திரத்தின் அடியோடு நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஏறி நக்கினால் அந்தச் சூடு அடுப்படிக்குத்தான் போகிறது. மூடி கட்டாயம். மூடாமல் வைத்தால் கொதி வருவதற்கு முன்பிருந்தே ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும், கிளம்புகிற ஒவ்வொரு துளியும் நிறையச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். எவ்வளவு என்று கீழே கணக்கு வருகிறது.

பானைக்குள் என்ன நடக்கிறது

அடுப்பைப் பற்றவைத்துச் சில நிமிடத்தில் பாத்திரத்தின் உள்பக்கம் முழுக்கக் கடுகை விடச் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் ஏமாற்று இதுதான். இது ஆவியே இல்லை, தண்ணீரில் கரைந்திருந்த காற்று. மீன் மூச்சுவிடுகிறதே, அதே காற்று. குளிர்ந்த தண்ணீர் நிறையக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும், சூடு ஏற ஏற அதனால் பிடித்து வைக்க முடியாது, வெளியே தள்ளிவிடும். இந்தக் கட்டத்தில் தண்ணீர் வெறும் நாற்பது ஐம்பது டிகிரியில் இருக்கும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே இதற்குப் பக்கத்தில் வந்துவிடும்! குமிழியைப் பார்த்து அணைத்தீர்கள் என்றால் குளிக்கத்தான் ஆகும்.

அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு இரைய ஆரம்பிக்கும். முதலில் மெல்லிசாக உஸ்ஸென்று, போகப்போகச் சத்தம் ஏறி, பக்கத்து அறையில் இருப்பவர் "தண்ணி கொதிக்குது, அணைக்கலையா?" என்று குரல் கொடுக்கிற அளவுக்கு வரும். இது இரண்டாவது ஏமாற்று, முதலாவதை விடப் பெரியது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமானது. தீ படுகிற அடிப்பகுதியில் ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் நூறு டிகிரியைத் தொட்டுவிடுகிறது. அங்கே, குறிப்பாகப் பாத்திரத்தில் கீறலோ உப்புத் திட்டோ இருக்கிற இடத்தில், நிஜமான நீராவிக் குமிழி பிறக்கிறது. பிறந்து, அடியை விட்டு விலகி ஒரு விரல்கடை மேலே போவதற்குள், மேலே இருக்கிற சூடு குறைந்த தண்ணீர் அதைக் குளிரவைத்துவிடுகிறது. உள்ளே இருந்த ஆவி மறுபடி தண்ணீராகி, குமிழி சட்டென்று உள்வாங்கி நொறுங்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1600 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அவ்வளவு பெருத்தது ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போனால், சுற்றி இருக்கிற தண்ணீர் அந்த இடத்துக்குள் மோதும். ஒரு குமிழி நொறுங்கினால் காதுக்கு எட்டாது. ஆயிரக்கணக்கில் நொறுங்குவதுதான் அந்த இரைச்சல். ஆக, சத்தம் உச்சத்தில் இருக்கிறது என்றால் மேல்தண்ணீர் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது நடக்கும்போது மூடியைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம், காது போதும். இரைச்சல் திடீரென்று தணியும். அடியிலிருந்து மேல்வரை எல்லாத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டதால் குமிழிகள் நொறுங்காமல் முழுசாக மேலே வந்து உடைகின்றன. மிளகளவு, நெல்லிக்காய் அளவு, அப்புறம் கணக்கே இல்லாமல். கீச்சென்றிருந்த சத்தம் கனத்து, தளதளவென்று ஆகும். மூடி ஆட ஆரம்பிக்கும். திறந்து நீளக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கொதி அடங்கினால் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அடங்காமல் புரண்டுகொண்டே இருந்தால் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம், முடிந்தது, அணைத்துவிடலாம்.

அது ஏன் சரியாக நூறு டிகிரியில் நடக்கிறது? நம் தலைக்கு மேல் இருக்கிற காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ எடையோடு தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கிறது. குமிழி உயிரோடு நிற்க வேண்டுமானால் உள்ளே இருக்கிற ஆவி அதே அளவுக்குத் திருப்பித் தள்ள வேண்டும். தொண்ணூறு டிகிரி ஆவிக்கு அந்தத் தெம்பு கிடையாது, நூறில் வந்துவிடுகிறது. மேல்பரப்பிலிருந்து தண்ணீர் ஆவியாவது எந்தச் சூட்டிலும் நடக்கும், கொடியில் துணி காய்வதே அப்படித்தான். தண்ணீரின் உள்ளுக்குள்ளேயே ஆவி பிறந்து தாக்குப்பிடிப்பதுதான் கொதிப்பது.

தீயைக் கூட்டினால் சூடு கூடாது

இதை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் போதும், சிலிண்டர் இன்னும் சில நாள் வரும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துவிட்டால் அதன் சூடு அங்கேயே நின்றுவிடும். சிம்மில் கொதித்தாலும் அதே சூடு, பெரிய பர்னரைத் திருகி முழுத்தீயில் விட்டாலும் அதே சூடு. கூடுதல் தீ எல்லாம் தண்ணீரை ஆவியாக்கி வெளியே அனுப்பத்தான் செலவாகிறது.

முப்பது டிகிரியில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீரை நூறுக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும். அதே ஒரு லிட்டரை, சூடு ஒரு டிகிரிகூட ஏறாமல், வெறுமனே ஆவியாக்க வேண்டுமானால் 540 கிலோ கலோரி. ஏழு மடங்குக்கும் மேல். ஸ்காட்லாந்துக்காரரான ஜோசப் பிளாக் 1760களின் தொடக்கத்தில் இதை அளந்து பார்த்தார், உள்ளுறை வெப்பம் என்று நாம் பள்ளியில் படித்தது இதுதான். பரீட்சைக்கு எழுதிவிட்டு அடுப்படியில் மறந்துபோகிற பாடம்.

இப்போது நம் அடுப்புக் கணக்கு. ஐந்து லிட்டர் குடிதண்ணீரைக் கொதி வரவைக்க, பர்னர், பாத்திரம் எல்லாவற்றிலும் போகிற நஷ்டத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 50 கிராம் கேஸ் ஆகும். கொதித்த பிறகும் பத்து நிமிடம் முழுத்தீயில் விட்டால் இன்னும் ஒரு 25, 30 கிராம் போகும், கூடவே கால் லிட்டருக்கு மேல் தண்ணீரும் சுவரில் போய் ஒட்டும். அதாவது பாதிச் செலவு அதிகம், லாபம் எதுவுமில்லை. 14.2 கிலோ சிலிண்டரில் தினமும் இப்படி நடந்தால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலைக்கும் இதே கதைதான். உலை கொதித்து அரிசியைப் போட்ட பிறகு கொஞ்சம் அடங்கும், திரும்பக் கொதி எழும்பும்வரை தீ வேண்டும், எழும்பியதும் சிம்முக்கு வந்துவிடலாம். அரிசிக்கு வேண்டியது நூறு டிகிரியும் நேரமும். பானைக்குள் நடக்கிற அமளியைப் பார்த்து அது சீக்கிரம் வெந்துவிடாது. அமளி அதிகமானால் கஞ்சி பொங்கி அடுப்பை நாறடிப்பதுதான் மிச்சம்.

கிருமி விஷயத்துக்கு வருவோம். இருபது நிமிடம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பாக்கெட் பாலைப் பதப்படுத்தும்போது 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குவதே நடைமுறை. தண்ணீரில் வரும் காலரா, டைபாய்டு கிருமிகளும், வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் மற்ற பாக்டீரியாக்களும் எழுபது டிகிரியிலேயே சில நிமிடத்தில் ஒழிந்துவிடும், மஞ்சள் காமாலையைக் கொடுக்கும் ஹெபடைடிஸ் ஏ கொஞ்சம் கெட்டி, அதுவும் நூறைத் தாங்காது. அப்படியானால் எழுபதிலேயே நிறுத்தலாமே என்றால், பாக்டீரியாவுக்கு மட்டும் என்றால் நிறுத்தலாம்தான், ஆனால் எழுபது வந்ததை உங்களுக்கு யார் சொல்வது? அந்தச் சூட்டுக்கு என்று கண்ணில் தெரிகிற அடையாளம் எதுவும் இல்லை. புரண்டு கொதிப்பது என்பது ஏமாற்றாத அடையாளம். அது தெரிந்தால் எழுபதை எப்போதோ தாண்டி, மெதுவாக ஏறிய அத்தனை நிமிடமும் கிருமி வெந்தாகிவிட்டது. அந்தக் கூடுதல் ஒரு நிமிடமே ஒரு நிம்மதிக்குத்தான்.

இந்த நூறு என்கிற எண்ணைக் கொடுத்த ஸ்வீடன் நாட்டு ஆண்டர்ஸ் செல்சியஸ், 1742இல் தன் அளவுகோலைத் தலைகீழாக வைத்திருந்தார். கொதிப்பது சைபர், உறைவது நூறு. பிறகுதான் திருப்பிப் போட்டார்கள். நல்ல வேளை.

கொடைக்கானலும் குக்கரும்

மதுரை கடல் மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர்தான், அதனால் நூறு டிகிரிக்கு மயிரிழை குறைவாகக் கொதிக்கும், கண்டுகொள்ள வேண்டாம். இங்கிருந்து வண்டியேறி கொடைக்கானல் போனால் கதை வேறு. அது 2100 மீட்டர் உயரம். அங்கே மேலே இருக்கிற காற்று குறைவு, அழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே தளதளவென்று கொதிக்க ஆரம்பித்துவிடும். கொதிக்கிறதே என்று பருப்பைப் போட்டால் அது வேகாமல் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் கொதிப்பது நிஜம், சூடுதான் கம்மி. குடிதண்ணீரையும் அங்கே ஒரு நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடம் விடுங்கள். 2000 மீட்டருக்கு மேல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிற கணக்கு அது.

குக்கர் இதற்கு நேர் எதிர். ஆவியை வெளியே விடாமல் அடைத்து, மேலே வெயிட்டைப் போட்டு, உள்ளே அழுத்தத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறோம். அதனால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்க முடியாமல் தவிக்கும், அந்தச் சூட்டில் பருப்பு பாதி நேரத்தில் மலர்ந்துவிடும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். வெயிட் தூக்கி ஆவி போகிறது என்றால் உள்ளே அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிட்டது, அதற்குமேல் தீ கொடுத்தால் விசில் அடிக்கடி வரும், அவ்வளவுதான்.

உப்புப் போட்டால் சீக்கிரம் கொதிக்கும் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொதிக்கப் போகிற தண்ணீரில் உப்பைப் போட்டதும் புஸ்ஸென்று பொங்கும், உப்புக் கல்லின் ஓரங்களில் குமிழி பிறக்க இடம் கிடைப்பதுதான் காரணம். உண்மையில் உப்பு கொதிநிலையைக் கூட்டத்தான் செய்யும். அதுவும் ஒரு லிட்டருக்கு 58 கிராம் போட்டால்தான் ஒரு டிகிரி ஏறும். அந்தச் சோற்றை யார் சாப்பிடுவது?

உப்புத் தண்ணீர் வீடுகளுக்கு

போர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். கொதி நெருங்கும்போது மேல்பரப்பில் மெல்லிசாக ஒரு ஆடை படியும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளபளக்கும். ஆறிய பிறகு அடியில் வெள்ளையாகப் பொடி இறங்கியிருக்கும். டம்ளரில் ஊற்றினால் துகள் சுற்றும். சின்னப் பிள்ளைகள் "தண்ணியில மாவு இருக்கு" என்று குடிக்க மறுக்கும்.

மாவு இல்லை, சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, பாறையில் இருக்கிற கால்சியத்தைக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட்டாக எடுத்து வருகிறது. கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும்போது அந்தக் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும், அது இல்லாமல் கால்சியத்தால் கரைந்திருக்க முடியாது, கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து வெள்ளைப் பொடியாக விழுகிறது. கெட்டிலின் அடியிலும் ஹீட்டர் ராடிலும் ஓடு பிடிப்பதும் இதுவே. குடிப்பதற்குக் கெடுதல் இல்லை, ஆனால் ருசிக்காது. அசையாமல் ஆறவைத்து, மேலாகத் தெளிந்ததை மட்டும் சாய்த்து ஊற்றிக்கொண்டு, அடியில் இருக்கிற கடைசி ஒரு டம்ளரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

இதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது என்கிற புகார் மதுரையைச் சுற்றி எல்லாத் திசையிலும் கேட்கலாம். புகாரில் நியாயம் உண்டு: தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்பின் செல்சுவர்களை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, எத்தனை விசில் விட்டாலும் மசியாது. நல்ல தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் அதைப் பருப்புக்கு ஒதுக்குங்கள். அதுவும் இல்லையென்றால் போர் தண்ணீரையே முதல்நாள் இரவு கொதிக்க வைத்து, தெளியவிட்டு, மேல்தண்ணீரில் பருப்பைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். எல்லாப் போர் தண்ணீருக்கும் இது பலிக்காது. பைகார்பனேட்டாக இருக்கும் கடினத்தன்மைதான் கொதித்தால் போகும், சல்பேட், குளோரைடாக இருப்பது அசையாது.

அசையாதவை இன்னும் இருக்கின்றன, இந்தப் பகுதியை மட்டும் கவனமாகப் படியுங்கள். உப்பு போகாது. நைட்ரேட் போகாது. புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இவை எல்லாம் மீதித் தண்ணீரில் இன்னும் கெட்டிப்படும், அதனால்தான் முக்காலாக வற்றவைக்கிற பழக்கத்தை விடச் சொல்கிறேன். இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 படி குடிதண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத ஊரில் 2000 வரை. புளோரைடுக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லை என்றால் 1.5. அதற்குமேல் பல வருடம் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை, பிறகு எலும்பிலும் கோளாறு. இதை நாக்கு கண்டுபிடிக்காது. புதிதாக போர் போட்டவர்கள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சோதித்துவிடுவது நல்லது. கணக்கு மீறியிருந்தால் கொதிக்க வைத்துப் பயனில்லை, ஆர்ஓ அல்லது வேறு தண்ணீர்தான்.

ஆவியிடம் ஜாக்கிரதை

பாத்திரத்துக்கு மேல் வெள்ளையாகப் புகைகிறதே, அது நீராவி இல்லை. நீராவி கண்ணுக்கே தெரியாது. குக்கர் விசில் அடிக்கும்போது துவாரத்துக்கு மிக அருகில், ஒரு விரல்கடை தூரத்துக்கு ஒன்றும் இல்லாத மாதிரி வெற்றிடமாக இருக்கும், அதற்குப் பிறகுதான் வெள்ளை தொடங்கும். அந்த வெற்றிடத்தில் இருப்பதுதான் நிஜமான ஆவி. வெளிக்காற்று பட்டுக் குளிர்ந்து நுண்ணிய துளியாக மாறிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது. தெரியாத இடம்தான் ஆபத்தான இடம். கொதிக்கிற தண்ணீர் கையில் பட்டால் சுடும், ஆவி பட்டால் அதைவிட மோசமாகச் சுடும், ஏனென்றால் தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது, ஆவியாக வாங்கிய அந்த லிட்டருக்கு 540 கிலோ கலோரிச் சூட்டை அப்படியே தோலில் இறக்கிவிடும்.

மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கம் முதலில் தூக்குங்கள், மூடியே கேடயமாக இருக்கும். கரித்துணி ஈரமாக இருக்கக் கூடாது, ஈரத்துணி சூட்டை நொடியில் கைக்குக் கடத்திவிடும். பட்டுவிட்டால் குழாயடியில் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். தோசை மாவு, பேனா மை, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால், முகத்தில் பட்டிருந்தால், பட்டது குழந்தை என்றால் நேராக ஆஸ்பத்திரி.

கையைச் சுடுகிற அதே விஷயம்தான் இட்லியை வேகவைக்கிறது. ஆவி ஆறின மாவில் பட்டுத் தண்ணீராகும்போது கொண்டுவந்த சூட்டை எல்லாம் மாவில் கொட்டுகிறது, அதனால்தான் பத்தே நிமிடத்தில் வெந்துவிடுகிறது. ஆகவே இட்லிச் சட்டியில் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி கிளம்பிய பிறகு தட்டை உள்ளே வையுங்கள். பச்சைத் தண்ணீரோடு தட்டையும் சேர்த்து வைத்தால் மாவு வெதுவெதுப்பில் ஊறி, கல் இட்லியாகும்.

தோசைக்கல்லிலும் ஒரு வேடிக்கை உண்டு. காயாத கல்லில் தண்ணீர் தெளித்தால் சும்மா கிடந்து மெதுவாகக் காயும். பதமாகக் காய்ந்த கல்லில் சுர்ரென்று நொடியில் மறையும். அளவுக்கு மீறிக் காய்ந்த கல்லில், விசித்திரமாக, துளி மறையாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். துளிக்கு அடியில் ஒரு மெல்லிய ஆவிப் படலம் உண்டாகி அதைக் கல்லில் படவிடாமல் தாங்கிக்கொள்வதுதான் காரணம். 1756இல் லைடன்ஃபிராஸ்ட் என்கிற ஜெர்மானிய மருத்துவர் இதை எழுதிவைத்தார். முத்து ஓடினால் மாவை ஊற்றாதீர்கள், ஒட்டும், கருகும். டிபன் கடை மாஸ்டர் தண்ணீரைத் தெளித்து விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுக்கிறாரே, அது கல்லைச் சுத்தம் செய்ய மட்டுமில்லை, சூட்டை இறக்கவும்தான்.

மைக்ரோவேவில் தண்ணீர் காய்ச்சுகிறவர்கள் கவனிக்க: வழவழப்பான கண்ணாடிக் கோப்பையில் குமிழி பிறக்கக் கீறல் கிடைக்காமல் தண்ணீர் நூறைத் தாண்டியும் அமைதியாக இருக்கும், வெளியே எடுத்துக் காப்பிப் பொடியைப் போட்டதும் மொத்தமாகச் சீறி முகத்தில் அடிக்கும். ஒரு மரக்குச்சியைப் போட்டுச் சூடாக்குங்கள், அல்லது அடுப்பிலேயே காய்ச்சிக்கொள்ளுங்கள்.

ஆற வைப்பது, வைத்துக் குடிப்பது

கொதித்த தண்ணீரை அதே பாத்திரத்தில், மூடியோடு, தானாக ஆறவிடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீரை விளாவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குளிக்கிற வெந்நீருக்குச் செய்ய வேண்டியதைக் குடிக்கிற தண்ணீருக்குச் செய்தால் இவ்வளவு நேரம் பட்ட பாடு எல்லாம் வீண்.

காய்ச்சின தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்பதும் நிஜம்தான், கரைந்திருந்த காற்றெல்லாம் போய்விட்டதே. ஆறிய பிறகு இரண்டு சுத்தமான பாத்திரத்தில் நாலு தடவை டீ ஆற்றுகிற மாதிரி உயரத் தூக்கி ஆற்றினால் காற்று திரும்பக் கலந்து ருசி வந்துவிடும். சீரகம் போடுகிற வீடுகளில் இந்தப் பிரச்சினையே தெரியாது.

வைக்கிற பாத்திரத்தில்தான் பல வீடுகள் கோட்டை விடுகின்றன. கொதித்தபோது குளோரின் பறந்துவிட்டது, இனி அந்தத் தண்ணீருக்குக் காவல் எதுவும் இல்லை. ஒரு விரல் உள்ளே பட்டால் கிருமி மறுபடி குடியேறும். குறுகலான வாய், மூடி, அடியில் குழாய் அல்லது நீளக் காம்புக் கரண்டி. டம்ளரை முக்கி எடுக்கக் கூடாது. ஒருநாள் தண்ணீரை ஒருநாளில் முடித்துவிடுங்கள்.

வெயில்காலத்தில் மண்பானைக்கு ஈடு கிடையாது. புவிசார் குறியீடு வாங்கிய மானாமதுரைப் பானை நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. பானையின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து வெளிப்பக்கத்தில் ஆவியாகும்போது, கொதிக்காமலேயே, உள்ளே இருக்கிற தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றோட்டமான நிழலில் வைத்தால்தான் இது நடக்கும், மூலையில் அடைத்து வைத்தால் ஆவியாக வழியில்லாமல் குளிராது. காய்ச்சின தண்ணீர் முழுக்க ஆறிய பிறகு ஊற்றுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை பானையைக் காலி செய்து, சோப்புப் போடாமல் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். சோப்பை மண் உறிஞ்சிக்கொண்டு அப்புறம் தண்ணீரில் விடும்.

காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளை ஓடு பிடித்துவிட்டால் கத்தியால் சுரண்ட வேண்டாம். பழைய புளியில் ஒரு எலுமிச்சை அளவு எடுத்துக் கரைத்து ஊற்றி, ஓடு முழுகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஒரு கொதி வரவைத்து அணைத்து, இரவெல்லாம் விட்டுவிடுங்கள். புளியின் அமிலத்தில் சுண்ணாம்பு கரைந்து, நுரை நுரையாகக் காற்றை விடும். காலையில் நாரால் தேய்த்தால் கழன்று வரும். பிழிந்த எலுமிச்சை மூடியும் வேலை செய்யும். மின்சாரக் கெட்டிலுக்கு மட்டும் புளியை வடிகட்டி ஊற்றுங்கள், இல்லையென்றால் கோது அடியில் போய் ஒட்டிக்கொண்டு அதைச் சுரண்டுவது தனி வேலையாகிவிடும்.